சரிகிற டெக் கம்பெனியில் சேர்ந்தது தப்பா, அங்கேயே இருந்தது தப்பா?

ஓஎம்ஆர்_வாசி எழுதியது:

சென்னையில் ஒரு வெளிநாட்டு நெட்வொர்க் கருவி கம்பெனியின் டெவலப்மென்ட் சென்டரில் இருக்கிறேன். பெயர் வேண்டாம். நான் சேர்ந்த காலத்தில் எங்கள் பாக்ஸ் இல்லாத டெலிகாம் ஆபரேட்டரே கிடையாது என்பார்கள். கேம்பஸில் ஆஃபர் வந்ததும் அப்பா கல்யாண வீடுகளில் என் பெயருக்கு முன்னால் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் அறிமுகம் செய்வார்.

இப்போது அடிக்கடி ரீஆர்க், அதாவது டீம்களைக் கலைத்து மாற்றி அமைப்பது. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு வைஸ் பிரசிடென்ட் வந்து, போன வருடத்து ஸ்லைடையே வேறு கலரில் காட்டுகிறார். என் ப்ராடக்ட் ‘சஸ்டெய்னிங்’ டீமுக்குப் போய்விட்டது. புதிதாக எதுவும் எழுத வேண்டாம். பழைய கஸ்டமர் கத்தினால் பேட்ச் போட்டால் போதும். சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. சம்பள உயர்வு பெயருக்கு. என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். கேன்டீனில் எந்த மேஜையிலும் இடம் கிடைக்கிறது.

வேலையை விடலாமா என்று கேட்க வரவில்லை. அதற்கு இந்தக் குழுவில் எப்போதும் ‘உடனே விடு’ என்றுதான் பதில் வரும். என் கேள்வி வேறு. இப்படிப்பட்ட இடத்தில் கடைசிவரை இருந்தவர்கள் இன்று திரும்பிப் பார்த்தால் எதை நினைத்து வருந்துகிறீர்கள்? சேர்ந்ததையா, இருந்ததையா?


சிம்பியன்_தாத்தா:

சேர்ந்ததற்கு ஒரு நாளும் வருந்தியதில்லை. இருந்ததற்குத்தான்.

பெங்களூரில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் சிம்பியன் ப்ராஜெக்ட். நோக்கியா போன்களில் ஓடிய சிஸ்டம் அது. சிம்பியனில் எழுதுவது சாதாரண சி++ இல்லை. எழுத்துச் சரத்துக்கு (ஸ்ட்ரிங்) டிஸ்க்ரிப்டர் என்று தனி வகைகள். பிழையைக் கையாள ‘லீவ்’, கூடவே கிளீனப் ஸ்டாக். ஒரு ஆப்ஜெக்டை உருவாக்க இரண்டு கட்டம். மெமரி குறைவாக இருந்த காலத்துக்காக யோசித்துச் செய்தவை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ள நிறைய நாள் பிடித்தது, கற்ற பிறகு ஒரு கர்வமும் வந்தது. அந்தக் கர்வம்தான் வினை. ஆண்ட்ராய்டு இன்டர்வியூவில் ஜாவா கேட்டார்கள். நான் கிளீனப் ஸ்டாக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

வெளியே இருப்பவர்கள் ‘ஐபோன் 2007இல் வந்தாயிற்றே, கண் தெரியவில்லையா’ என்பார்கள். தெரியவில்லைதான், ஏனென்றால் கணக்கு அப்படி இருந்தது. 2010ஆம் ஆண்டு முழுவதையும் எடுத்துக்கொண்டால்கூட உலகத்தில் அதிகம் விற்ற ஸ்மார்ட்போன் சிஸ்டம் சிம்பியன்தான். நோக்கியா அந்த வருடம் லாபம் காட்டியது. 2011 பிப்ரவரியில் அந்தக் கம்பெனியின் தலைவர் ஸ்டீபன் ஈலாப் ‘நாம் நிற்கிற மேடை எரிகிறது’ என்று ஊழியர்களுக்கு எழுதிய குறிப்பு வெளியே வந்தது. சில நாளிலேயே இனி விண்டோஸ் போன்தான் என்று மைக்ரோசாஃப்டோடு கூட்டு. ஏப்ரலில் சிம்பியன் வேலையையும் சுமார் 3,000 ஆட்களையும் அக்செஞ்சருக்கு மாற்றுவதாக அறிவிப்பு, கூடவே 4,000 பேர் ஆள்குறைப்பு. இந்தியாவில் இருந்தவர்களும் அதில் உண்டு.

விற்பனை விழுவது கடைசியில்தான் தெரியும். அதற்கு முன்னால் வேறு ஒன்று விழுந்திருக்கும்: வெளியிலிருந்து அந்த சிஸ்டத்துக்கு ஆப் எழுத வருகிற ஆட்களின் எண்ணிக்கை. டெவலப்பர் குழுக்களில் கேள்விகள் குறைந்தன, பதில்கள் அதைவிடக் குறைந்தன. அதை நான் தினம் பார்த்தேன். எங்கள் மேனேஜரோ கிளையன்ட் இன்னும் மூன்று வருடத்துக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றார். எனக்கும் நம்பத்தான் பிடித்தது, வீட்டு லோன் புதிது.


பூந்தமல்லி_பஸ்:

சரிவின் முதல் அறிகுறி பான்ட்ரியில் தெரியும் என்று எங்கள் ஆபீஸில் சொல்வார்கள். முதலில் பிஸ்கட் போகும், அப்புறம் பால் பவுடர் ஆகும்.

சிரிப்பதற்குச் சொல்லவில்லை. இன்டெல் 2024 ஆகஸ்டில் 15 சதவீதத்துக்கு மேல் ஆட்களைக் குறைப்பதாக அறிவித்தது, மறுநாள் பங்கு 26 சதவீதம் விழுந்தது. செலவைக் குறைக்க இலவசக் காபி, டீயையும் நிறுத்தியிருந்தார்கள். நவம்பரில் மனசு உற்சாகத்துக்காக என்று திரும்பக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய சிப் கம்பெனி காபி டம்ளரில் வந்து நிற்கிறது.


அப்பவே_சொன்னேன்:

2015லேயே இந்தக் குழுவில் எழுதினேன், ஹார்டுவேர் கம்பெனிக்கு எதிர்காலம் இல்லை, கிளவுடுக்குப் போங்கள் என்று. யார் கேட்டீர்கள்?


லேட்டரல்_என்ட்ரி:

@அப்பவே_சொன்னேன் அதே பதிவில் எல்லாரையும் பிளாக்செயினுக்கும் போகச் சொல்லியிருந்தீர்கள். சரி, விடுங்கள்.

@ஓஎம்ஆர்_வாசி நான் எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்கிறேன். சரிந்த கம்பெனியில் கடைசிவரை இருந்தேன், வருத்தம் இல்லை. குழந்தை பிறந்து, மாமியாருக்கு உடம்பு முடியாமல் இருந்த வருடங்கள் அவை. மெதுவாக ஓடுகிற கம்பெனியில் இருந்ததால்தான் வேலையை விடாமல் இருக்க முடிந்தது. ஐந்து மணிக்கு மேல் யாரும் கூப்பிட மாட்டார்கள். நல்ல டீம். யாருக்கும் யாரையும் முந்த வேண்டிய அவசியம் இல்லாததால் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தோம். வளர்கிற கம்பெனியில் அப்படி நேரம் எவருக்கும் கிடைப்பதில்லை.

முன்னாலேயே புத்திசாலித்தனமாக வெளியேறிய என் தோழி ஒரு ஸ்டார்ட்அப்புக்குப் போனாள். அங்கே கடைசி இரண்டு மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. எனக்கோ செவரன்ஸ் (வேலை போனதற்கான இழப்பீடு), கிராஜுவிட்டி, ரிலீவிங் லெட்டர் எல்லாம் கைக்கு வந்தன. போனவர்கள் எல்லாரும் ஜெயித்ததுபோல் நமக்குத் தோன்றும், தோற்றவர்கள் லிங்க்ட்இன்னில் எழுதுவதில்லை.

ஒரே ஒரு வருத்தம். அந்த ஓய்வான வருடங்களில் மாலை ஒரு மணி நேரம் ஏதாவது படித்திருக்கலாம். சீரியல் பார்த்தேன்.


சிம்பியன்_தாத்தா:

@லேட்டரல்_என்ட்ரி நியாயம்தான் அம்மா. ஆனால் நீங்கள் தெரிந்து இருந்தீர்கள். கம்பெனி என்ன கொடுக்கிறது, நாம் என்ன கொடுக்கிறோம் என்று கணக்குப் பார்த்து இருந்தீர்கள். நான் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி இருந்தேன். இரண்டுக்கும் பெயர் ‘இருந்தது’ தான்.


ஒரகடம்_ஷிஃப்ட்:

இந்த இழையைக் காலையிலிருந்து படிக்கிறேன். நீங்கள் பேசுகிற வருத்தத்துக்கே ஒரு வசதி வேண்டும். போகலாமா இருக்கலாமா என்று யோசிக்க எங்களுக்கு யாரும் அவகாசம் தரவில்லை.

நோக்கியா என்றால் உங்களுக்கு சிம்பியன், விண்டோஸ் போன். எங்கள் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரி. 2006இல் தொடங்கியது, உச்சத்தில் நேரடியாகவே சுமார் 8,000 பேர். பாதிக்கு மேல் பெண்கள், பிளஸ் டூ முடித்து கிராமத்திலிருந்து நேராக வந்தவர்கள். கம்பெனி பஸ் போகாத ஊர் காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் குறைவு. அந்தச் சம்பளத்தில் தம்பி படித்தான், தங்கச்சிக்குக் கல்யாணம் ஆனது, வீட்டுக்குக் காங்கிரீட் போட்டார்கள்.

2013இல் வருமான வரித்துறை சுமார் 2,080 கோடி ரூபாய் கேட்டது. ஃபின்லாந்துக்கு சாஃப்ட்வேர் ராயல்டி அனுப்பியபோது வரி பிடிக்கவில்லை என்று. அடுத்த வருடம் தமிழக அரசின் விற்பனை வரித்துறை வேறு 2,400 கோடிக்கு நோட்டீஸ். நடுவில் நோக்கியாவின் போன் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறுவதாக முடிவானது. வழக்கில் சொத்து முடங்கியிருந்ததால் 2014 ஏப்ரலில் கைமாற்றம் முடிந்தபோது எங்கள் ஊர் ஃபேக்டரி மட்டும் அதில் சேரவில்லை. கொஞ்ச நாள் மைக்ரோசாஃப்டுக்குக் கான்ட்ராக்டில் போன் செய்து கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் விஆர்எஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். நவம்பர் 1 உற்பத்தி நின்றது. டிசம்பரில் நோக்கியாவுக்கு வேலை செய்த பக்கத்து ஃபாக்ஸ்கானும் நின்றது.

நான் அங்கே இல்லை. அந்த பெல்ட்டில் பாகம் சப்ளை செய்த ஒரு சின்ன கம்பெனியில் ஆபரேட்டர். பெரிய கம்பெனி மூடினால் பேப்பரில் வரும், கலெக்டர் ஆபீஸ் முன்னால் கூட்டம் கூடும். எங்களுக்கு ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்தபோது நாளை முதல் பஸ் வராது என்றார்கள், அவ்வளவுதான். விஆர்எஸ்ஸும் கிடையாது, வெங்காயமும் கிடையாது. அப்புறம் வேலை தேடிப் போன இடத்தில் எல்லாம் இருபத்திரண்டு வயதுக்காரரைத்தான் கேட்டார்கள். இருபத்தேழு வயதில் நான் கிழவன்.

அந்த ஃபேக்டரியை 2019இல் சார்ஜர் செய்கிற சால்காம்ப் வாங்கியது. இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் வேலை திரும்ப நிறைய இருக்கிறது. நல்லதுதான். ஆனால் லைனில் நிற்கிற பிள்ளைகள் புதியவர்கள்.


தறிக்காரன்_மகன்:

@ஒரகடம்_ஷிஃப்ட் சொன்னதற்கு ஒரு ஒட்டு. 2011இல் நோக்கியா ‘பிரிட்ஜ்’ என்று ஒரு திட்டம் நடத்தியது. வேலை போகிறவர்களுக்கு வேறு வேலை தேட உதவி, படிப்பு, சொந்தமாகத் தொழில் தொடங்கப் பணம். ஃபின்லாந்தில் ஆளுக்கு 25,000 யூரோ வரை தந்தார்கள், அதிலிருந்து நிறைய சின்ன கம்பெனிகள் முளைத்தன. ஆள்குறைப்பை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு மேனேஜ்மென்ட் வகுப்புகளில் இதை உதாரணமாகச் சொல்கிறார்கள். திட்டம் நல்ல திட்டம். ஆனால் அது பலிக்க, போய்ச் சேருவதற்குப் பக்கத்தில் வேறு வேலை இருக்க வேண்டும், கையில் பட்டம் இருக்க வேண்டும், விழுந்தால் தாங்க அரசு உதவித்தொகை இருக்க வேண்டும். பக்கத்துக் கம்பெனியும் அதே குளிர்காலத்தில் மூடுகிற ஊரில் ரெஸ்யூமே எழுதக் கற்றுக்கொடுத்து என்ன ஆகும்?


டல்லாஸ்_ஐயப்பன்:

நான் அமெரிக்காவில் இருக்கிறேன், இங்கே தங்கிப்போவதற்குக் காரணமே வேறு. கிரீன் கார்டு. கம்பெனி சாயுது என்று தெரிந்தும் க்யூவில் இடம் போய்விடும் என்ற பயத்தில் நகர மாட்டார்கள். வேலை போனால் ஹெச்1பி வேலை விசாக்காரருக்கு 60 நாள். அதற்குள் அடுத்தது கிடைக்க வேண்டும், குழந்தைகள் ஸ்கூல் நடுவில் இருக்கும்.

ஆனால் ஒன்றைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமலேயே பலர் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடுகிற மனு, அப்ரூவ் ஆகி 180 நாள் தாண்டிவிட்டால், கம்பெனி பிறகு வாபஸ் வாங்கினாலும் உங்கள் பிரையாரிட்டி டேட் போகாது. புது கம்பெனி மறுபடி பேப்பர் போட வேண்டும், ஆனால் க்யூவில் அதே இடம்தான். ஹெச்ஆர் இதை எடுத்துச் சொல்ல மாட்டார்கள். வக்கீலிடம் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்துக் கேளுங்கள்.

இன்னொன்று. இங்கே பக்கத்தில் ரிச்சர்ட்சனில் நார்டெல் இருந்தது. புதியவர்களுக்காக: கனடா டெலிகாம் கம்பெனி. 2000இல் பங்கு 124 கனடிய டாலர் வரை போனது. 2002இல் ஒரு டாலருக்கும் கீழே. 2009 ஜனவரியில் திவால். நல்ல காலத்தில் ஊழியர்கள் பலர் ரிட்டையர்மென்ட் பணத்தையும் கம்பெனி பங்கிலேயே வைத்திருந்தார்கள். சம்பளம் வருகிற வாசலிலேயே சேமிப்பும் இருந்தது, இரண்டும் ஒன்றாகப் போயின. 2011இல் அவர்களுடைய பேட்டன்ட்கள் மட்டும் 450 கோடி டாலருக்குப் போயின, ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் எல்லாம் சேர்ந்து வாங்கின. அதை எழுதிய இன்ஜினியர்களின் பென்ஷன் வழக்கு 2017 வரை இழுத்தது. வக்கீல், கன்சல்டன்ட் செலவே நூறு கோடி டாலரைத் தாண்டியது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. மூளையிலிருந்து வந்த சொத்துக்கு அவ்வளவு விலை, மூளைக்காரன் கோர்ட் வராண்டாவில்.


ஓஎம்ஆர்_வாசி:

எல்லாருக்கும் நன்றி. @ஒரகடம்_ஷிஃப்ட் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் முதல் பதிவு கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்: எனக்கும் ஆர்எஸ்யூ, அதாவது சம்பளத்தோடு தருகிற கம்பெனி பங்கு, இருக்கிறது. வெஸ்ட் ஆனதை (என் பெயருக்கு வந்துவிட்டதை) விற்கவே இல்லை, விலை திரும்ப ஏறும் என்று. இப்போது வாங்கிய விலையில் பாதி.


ஆடிட்டர்_பக்கத்து_வீடு:

தம்பி, நீங்கள் அதை வாங்கவில்லை, அதுதான் முதலில் புரிய வேண்டியது. வெஸ்ட் ஆன அன்றைய விலைக்கு அது உங்கள் சம்பளம். அன்றைக்கே அந்த விலைக்கு வரி கட்டியாகிவிட்டது. பிறகு பாதியாக விழுந்தாலும் கட்டிய வரி திரும்ப வராது. விற்றால் வருகிற நஷ்டத்தை வேறு மூலதன லாபத்தில்தான் கழிக்கலாம், சம்பளத்தில் கழிக்க முடியாது.

அதனால் வெஸ்ட் ஆகும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இதே தொகையை போனஸாக ரொக்கமாகக் கொடுத்திருந்தால், அதை எடுத்துப்போய் இந்தக் கம்பெனி பங்கை வாங்குவீர்களா? மாட்டேன் என்றால் விற்றுவிடுங்கள்.

வெளிநாட்டுப் பங்கு வைத்திருந்தால் வருமான வரி ரிட்டர்னில் ஷெட்யூல் எஃப்ஏ என்ற வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். விற்காவிட்டாலும் காட்ட வேண்டும். அதை விட்டுவிட்டு நோட்டீஸோடு வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

அடுத்தது, ஆள்குறைப்பு வரும்போது ‘நீங்களே ரிசைன் லெட்டர் கொடுத்துவிடுங்கள், ரெக்கார்டு நன்றாக இருக்கும்’ என்று ரூமுக்குள் கூப்பிட்டுச் சொல்வார்கள். அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். தானாக விலகியதாக எழுதிக்கொடுத்தால் பிறகு ஆள்குறைப்பு இழப்பீடு கேட்கிற வழி அடைபடும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஐடி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016லேயே தெளிவுபடுத்தியது, ஓஎம்ஆரில் அது எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம். உங்கள் வேலையின் தன்மையைப் பொறுத்துத் தொழிலாளர் சட்டம் பொருந்துமா என்று பார்க்க வேண்டும், எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. ஐந்து வருடம் முடியும் தறுவாயில் இருப்பவர்கள் கிராஜுவிட்டிக்காகத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


பூந்தமல்லி_பஸ்:

ரூமுக்குள் கூப்பிடும்போது ஹெச்ஆர் மேஜையில் டிஷ்யூ பாக்ஸ் இருக்கும். அதைப் பார்த்ததும் புரிந்துவிடும்.


பெல்_கர்வ்_பலி:

யாரும் மேனேஜர்களைப் பற்றிப் பேசவில்லையே. சரிகிற கம்பெனியில் மனிதர்கள் மாறிப்போவதுதான் எனக்குப் பெரிய விஷயம். யாஹூவை 2008இல் மைக்ரோசாஃப்ட் 4,460 கோடி டாலருக்குக் கேட்டது, கொடுக்கவில்லை. 2017இல் அதன் முக்கியத் தொழில் வெரிசோனுக்கு 448 கோடிக்குப் போனது. இந்தக் கணக்கை எல்லாரும் சொல்வார்கள். நடுவில் நடந்ததை அதிகம் பேசுவதில்லை. மரிசா மேயர் யாஹூவின் தலைவராக இருந்த காலத்தில் காலாண்டுக்கு ஒரு தடவை ஊழியர்களை வரிசைப்படுத்தி மார்க் போடுகிற முறை வந்தது. மேலே சிலர், கீழே சிலர் என்று பங்கு பிரித்துத்தான் ஆக வேண்டும்.

வேறொரு கம்பெனியில் அதே மாதிரி முறையில் நான் இருந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். நல்ல ஆளோடு ஒரே டீமில் இருக்க எவனும் விரும்ப மாட்டான், கீழ் மார்க் தனக்கு வரும் என்று. வளர்கிற கம்பெனியில் புதுப் பதவிகள் முளைத்துக்கொண்டே இருக்கும், அதனால் அந்த முறை ஓரளவு தாங்கும். சுருங்குகிற கம்பெனியில் நாற்காலி குறையக் குறைய, கூட டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டவனே உன் கோடிங் பிழையை மெயிலில் எல்லாரையும் சிசியில் போட்டு எழுதுவான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, அவனுக்கும் ஈஎம்ஐ இருக்கிறது. நானும் அங்கே நல்லவனாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன்.


லேட்டரல்_என்ட்ரி:

@பெல்_கர்வ்_பலி எங்கள் கம்பெனியில் மேல் அதிகாரிகளே எங்களை மறந்துபோனதால் தப்பித்தோம்போல. யாரும் மார்க் போடவில்லை!


அப்பவே_சொன்னேன்:

ஏஐக்குப் போங்கள். பிறகு நான் சொல்லவில்லை என்று சொல்லாதீர்கள்.


சிம்பியன்_தாத்தா:

@ஓஎம்ஆர்_வாசி தம்பி, ஒன்று கேட்கிறேன். உங்கள் ப்ராடக்ட் எதில் எழுதியது? வெளியிலும் செல்லுபடியாகிற வேலையா, உள்ளே மட்டுமா?


ஓஎம்ஆர்_வாசி:

சி தான் சார். பழைய லினக்ஸ் கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி), நாங்களே நிறையத் திருத்தியது. அதன் மேல் பாக்கெட் ஃபார்வர்டிங் (நெட்வொர்க் தகவலை அடுத்த இடத்துக்கு அனுப்புவது), கொஞ்சம் டிரைவர் வேலை (கருவியை இயக்குகிற மென்பொருள்). பில்ட் சிஸ்டம், டெஸ்ட் டூல் எல்லாம் கம்பெனிக்குள்ளேயே செய்தவை, வெளியே எவருக்கும் தெரியாது.


சிம்பியன்_தாத்தா:

அப்படியானால் நீங்கள் என் நிலைமையில் இல்லை. லினக்ஸ் கர்னலும் டிரைவரும் தெரிந்த ஆளை கார் எலக்ட்ரானிக்ஸ்காரர்களும் சிப் கம்பெனிகளும் சென்னையிலேயே தேடுகிறார்கள். பழைய கர்னலுக்கும் இன்றைய கர்னலுக்கும் நடுவில் என்ன மாறியது என்று உட்கார்ந்து படியுங்கள். சஸ்டெய்னிங்கில் இருப்பதால் நேரம் இருக்கும். உங்கள் டிரைவரைப் போலவே ஒன்றை புது கர்னலில், வீட்டில், ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டில் எழுதிப் பாருங்கள். கம்பெனியின் கோடிங்கில் ஒரு வரியைக்கூட அதில் எடுத்துப் போடாதீர்கள்.

ரெஸ்யூமேயைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பார்க்கிறேன். அனுப்பும் முன் உள் ப்ராஜெக்ட் பெயர்கள், உள் டூல் பெயர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அந்த டூல் என்ன செய்யும் என்று மட்டும் எழுதுங்கள். என்னிடம் வருகிற ரெஸ்யூமேக்களில் பாதி அந்தப் பெயர்களால்தான் புரியாமல் போகிறது.


ஒரகடம்_ஷிஃப்ட்:

அப்படியே என் தங்கச்சி பையனுக்கும் ஒன்று கேட்கலாமா சார்? டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ், போன் லைனில் டெஸ்டிங்கில் இருக்கிறான். அங்கேயே இருக்கட்டுமா, இல்லை நீங்கள் சொல்கிற அந்தச் சின்ன போர்டை அவனும் வாங்கலாமா, விலை எவ்வளவு ஆகும்?


சிம்பியன்_தாத்தா:

லைன் வேலையை விட வேண்டாம். போர்டை வாங்கச் சொல்லுங்கள், பழையது ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது, அதையே தருகிறேன். சி எந்த அளவுக்குத் தெரியும் என்று அவனையே எழுதச் சொல்லுங்கள்.